குறைமாதக் குழந்தை பிழைத்தால் மட்டும் போதுமா?

மாதம் நிறையுமுன் பிறந்த குழந்தை மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மாதமோ இரண்டு மாதமோ இருந்துவிட்டு வீட்டுக்கு வந்ததும், தெய்வம் காப்பாற்றிவிட்டது என்று கோவிலில் பொங்கல் வைக்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் டாக்டர்களைக் கேட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது என்பார்கள்.

37 வாரம் முடியுமுன் பிறப்பது குறைமாதக் குழந்தை. 2020-ம் ஆண்டில் இந்தியாவில் மட்டும் சுமார் 30 லட்சம் குழந்தைகள் இப்படிப் பிறந்தன. வேறு எந்த நாட்டிலும் இத்தனை இல்லை. "ஏழில் பிறந்தால் தங்கும், எட்டில் பிறந்தால் தங்காது" என்பது பாட்டிமார் கணக்கு. மருத்துவம் அதை ஏற்பதில்லை. வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபமே. கடைசி மூன்று மாதங்களில்தான் மூளை வேகமாக வளர்கிறது. அந்த வளர்ச்சி வெளியே நடக்க வேண்டியிருப்பதால், மிகவும் முந்திப் பிறந்தவர்களில் சிலருக்கு உட்காருவதும் நடப்பதும் தாமதமாகின்றன. வேறு சிலருக்குப் பள்ளியில் சேர்ந்த பிறகே கணக்கிலோ கவனத்திலோ குறை தெரியவருகிறது. பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே வளர்ந்துவிடுகின்றன என்பதையும் மறக்கக் கூடாது.

வளர்ச்சியை அளப்பதற்கு ஒரு முறை உண்டு. பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், டாக்டர் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து எண்ண வேண்டும். இரண்டு வயது வரை இதுவே கணக்கு. இரண்டு மாதம் முந்திப் பிறந்த பிள்ளை ஆறாம் மாதத்தில் நாலு மாதப் பிள்ளை போல் இருந்தால் குறையில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளையைக் காட்டி மருமகளை ஏசும் மாமியார்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஆனால் இந்தக் கணக்கின்படியும் நாலு மாதம் கடந்து தலை நிற்கவில்லை, ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை என்றால், "அவன் அப்பாவும் மெதுவாகத்தான் நடந்தான்" என்று காத்திருப்பது பெரும் தவறு. நடை பழக்க வாக்கர் வண்டி வாங்குவதும் வீண் செலவே. முதல் இரண்டு ஆண்டுகளில் மூளை எளிதில் பழகிக்கொள்ளும். அப்போது தொடங்கும் பயிற்சிக்குப் பலன் அதிகம்.

மும்பைத் தமிழர்களுக்கு இதில் தனிச் சிக்கல் இருக்கிறது. தலைப்பிரசவம் தாய் வீட்டில். நெல்லையிலோ நாகர்கோவிலிலோ பிறந்து அங்கே சிகிச்சை பெற்ற குழந்தை, மூன்றாம் மாதம் ரெயிலேறி தாராவிக்கோ செம்பூருக்கோ வந்துவிடுகிறது. மறுபடி காட்ட வேண்டிய தேதிகள் எழுதிய சீட்டு ஊர் அலமாரியில் தூங்குகிறது. முந்திப் பிறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். அது முழுமையாக வளரும்வரை ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியும் வரலாம். இடையில் விட்டால் பார்வையே போய்விடக் கூடும்.

மும்பையில் வசதிக்குப் பஞ்சமில்லை. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-ல் தொடங்கப்பட்டது தாராவியை அடுத்த சயான் மருத்துவமனையில்தான். வளர்ச்சிக் குறைகளைக் கண்டறிந்து இலவசமாகச் சிகிச்சை தரும் குழந்தைகள் நலத் திட்டத்தை மத்திய அரசு 2013-ல் தொடங்கியது. அதன் மையங்கள் பல மாநிலங்களில் இருக்கின்றன. ரேஷன் கார்டை எந்த மாநிலத்திலும் காட்டி அரிசி வாங்கலாம் என்று ஆக்க முடிந்த அரசுக்கு, ஒரு குழந்தையின் மருத்துவக் குறிப்பை நெல்லையிலிருந்து மும்பைக்கு அனுப்ப முடியாதா? பிழைக்க வந்தவர்கள் எந்த ஊர்ப் பதிவேட்டிலும் ஒழுங்காக ஏறுவதில்லை. அவர்கள் பிள்ளைகளுக்கும் அதே கதி என்றால் அது அநியாயம்.

அந்த ஏற்பாடு வரும்வரை, ஊரிலிருந்து புறப்படும்போது டிஸ்சார்ஜ் சீட்டையும் கண், காது பரிசோதனைத் தாள்களையும் பெட்டிக்கு அடியில் போடாமல் கையோடு கொண்டுவர வேண்டும். வந்த வாரமே தகப்பன் அரை நாள் லீவு போட்டுக் குழந்தையை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போகட்டும்.