பக்கத்தில்தானே ஆஸ்பத்திரி

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1981-இல் நிறுவப்பட்டு, வட்டாரத்தார் எல்லோராலும் ஆர்.சி.சி. என்றே வழங்கப்படும் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு மாலத்தீவிலிருந்து விமானத்திலும், குமரி, நெல்லை மாவட்டங்களிலிருந்து ரயிலிலும் நோயாளிகள் வருகின்றனர். அவர்களுக்கு அது அயல்நாடோ அயல்மாநிலமோ ஆகையால், ஊர் வேலைகளை யாரிடமாவது ஒப்படைத்து, அறை பார்த்துத் தங்கிவிடுவதே வழக்கம். நெய்யாறு அணையை ஒட்டிய கள்ளிக்காட்டினருக்கோ மருத்துவமனை 'பக்கத்தில்தானே' என்று ஆகிவிடுகிறது. காட்டாக்கடை வழியாகப் பேருந்தில் போய்த் திரும்பிவிடலாம் என்பதால் அறையும் எடுப்பதில்லை, வேலையையும் விடுவதில்லை. துணைக்குச் செல்பவரை அதிகம் வருத்துவது இந்த அண்மைதான்.

'கரண்டு வைப்பது' என்று மக்கள் சொல்லும் கதிர்வீச்சுச் சிகிச்சையில் முழுக் கதிரளவை ஒரே நாளில் செலுத்துவதில்லை. நலமான திசுக்கள் இடையிடையே தேறிக்கொள்ள வேண்டும் என்பதால் அதைச் சிறு பங்குகளாகப் பிரித்து, வாய், தொண்டைப் புற்றாயின் பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாளாக ஆறேழு வாரம் கொடுக்கின்றனர். தலை அசையாதிருக்க, சூட்டில் இளகும் பிளாஸ்டிக் தகட்டை முகத்தின் மேல் பதித்துச் செய்த வலைமூடியை மாட்டிப் படுக்கவைத்தால், இயந்திரத்தின் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். அந்தச் சில நிமிடங்களுக்காகப் பகலில் பெரும்பகுதி பேருந்திலும் வரிசையிலும் போகிறது.

கள்ளிக்காட்டுப் பகுதியில் பலருக்குப் பிழைப்பு ரப்பர். வெயில் ஏறினால் பால் ஒழுகுவது குறையும் என்பதால் இருட்டிலேயே நெற்றிவிளக்குடன் பட்டையைச் சீவி, சில மணி நேரம் கழித்துச் சிரட்டைகளில் சேர்ந்த பாலை எடுத்து, ஆசிட் கலந்து உறையவைத்து, ஷீட் அடிக்க வேண்டும். பால்வெட்டுக்காரர் ஒருவர் மனைவிக்குத் துணையாகக் கிளம்பினால் வெட்டை முடித்துவிட்டுப் போகலாம், ஆனால் பால் எடுக்கும் நேரத்தில் அவர் மருத்துவமனையில் இருப்பார். அதை அண்டை வீட்டார் எத்தனை வாரம் செய்து கொடுப்பார்கள் என்பது எந்தச் சிகிச்சைச் செலவுக் கணக்கிலும் வராத கேள்வி.

கதிர்வீச்சு தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் வாய் புண்ணாகிவிட்டால், உப்பும் காரமும் இல்லாமல் குழைய வேகவைத்த கஞ்சியை ஆறவைத்துக் கொண்டுபோவதும் துணைவருக்கே வேலையாகிறது. கீமோ எடுப்பவராயின் வெள்ளணுக்கள் குறையும் நாட்களில் வெப்பமானி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்; காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டால் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும், அப்போது 'பக்கத்தில்தானே' என்பதற்குப் பொருள் இருக்காது. தன் சாப்பாட்டைத் துணைவர் மறந்துபோவதும் உண்டு. 2017 முதல் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் டி.ஒய்.எஃப்.ஐ. என்னும் இடதுசாரி இளைஞர் அமைப்பினர் வீடுவீடாகத் திரட்டி இலவசமாகக் கொடுக்கும் பொதிச்சோற்றில், வாழையிலையில் கட்டிய சோறும் தோரன் பொரியலும் சம்மந்தித் துவையலும் இருக்கும். அரசியல் எதுவாயினும், வரிசையில் நிற்பவருக்கு அது வீட்டுச் சோறு.

ரயிலில் நோயாளிக்கும் துணைவருக்கும் கட்டணச் சலுகை உண்டென்றாலும் கள்ளிக்காட்டுக்கு ரயில் கிடையாது. பாறசாலை, நெய்யாற்றின்கரை நிலையங்களை ஒட்டியவர்களுக்கே அது உதவும். எல்லைக்கு அப்பால் இருப்பவர்களுக்கு உதவுவது உறவு. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு இன்றைய தமிழ்நாட்டுடனும் நெய்யாற்றின்கரை கேரளத்துடனும் போனபோது கொள்வினை கொடுப்பினை பிரியவில்லை. ஆகையால் எல்லையூரான களியக்காவிளைக்கு அப்பாலுள்ள நோயாளி சிகிச்சைக் காலத்தில் இப்பக்கத்துச் சம்பந்தி வீட்டில் தங்குவதும் நடக்கிறது. இங்கே ஊராட்சியின் சாந்துவன சிகிச்சைச் செவிலியர், அதாவது நோயைத் தீர்ப்பதைவிட வலியைத் தணிக்க வீடு தேடி வருபவர், உண்டு. அங்கே 2021-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் உண்டு. இரண்டும் வீட்டு முகவரியை வைத்து நடப்பவை. சம்பந்தி வீட்டுத் திண்ணையில் படுத்திருப்பவரின் குடும்ப அட்டையோ எல்லைக்கு அப்பால் இருக்கிறது.