‘கிடக்கட்டும்’ என்னும் வாதம்: கைவிடப்பட்ட சுடுதளங்களும் காரீயமும்

படைகள் பல பத்தாண்டுகள் பயன்படுத்திக் கைவிட்ட துப்பாக்கிச் சுடுதளங்களின் மண்ணைத் தோண்டித் துப்புரவு செய்வது வீண்செலவு என்னும் கருத்து, அந்த நிலங்களை ஒப்படைக்கும் தரப்பிலும் பெற்றுக்கொள்ளும் தரப்பிலும் ஒருசேரக் கேட்கிறது. ஈயம் பூமியிலிருந்து எடுக்கப்பட்ட உலோகம், இப்போது பூமிக்கே திரும்பியிருக்கிறது, அது நீரில் கரையாது, விழுந்த இடத்தை விட்டு நகராது, எனவே சுற்றிலும் வேலி போட்டுவிட்டுக் கிடக்கட்டும் என்று விடுவதே அறிவுடைமை என்பது அக்கருத்தின் சாரம். (இங்கு ஈயம் என்பது காரீயம், ரசம் வைக்கும் ஈயச்சொம்பின் வெள்ளீயம் வேறு தனிமம்.) இவ்வாதத்தின் ஒவ்வொரு கூறிலும் ஓரளவு உண்மை உண்டு என்பதாலேயே அது இவ்வளவு காலம் நிலைத்திருக்கிறது.

பூமிக்கே திரும்பியது என்னும் முதற்கூற்று, தாதுவையும் உலோகத்தையும் ஒன்றாகக் கருதும் பிழையிலிருந்து பிறக்கிறது. நிலத்தடியில் ஈயம் பெரும்பாலும் கலீனா என்னும் கந்தகச் சேர்மமாக, காற்றுப் படாத பாறைக்குள், எளிதில் கரையாத வடிவில் உறைந்திருக்கிறது; துப்பாக்கிக் குண்டில் இருப்பதோ உருக்கிப் பிரித்த உலோக ஈயம். அதனுடன் கடினத்துக்காக ஆன்டிமனி என்னும் உலோகப்போலி சில விழுக்காடு கலக்கப்பட்டு, மேலே செம்புக் கலவையால் உறை போடப்பட்டிருக்கும். இலக்குக்குப் பின்னால் குண்டுகளைத் தாங்குவதற்காக எழுப்பப்பட்ட மண்மேட்டில் குண்டு மோதும்போது உறை கிழிந்து உள்ளீடு வெளிப்பட, காற்றும் ஈரமும் மண்ணிலுள்ள கார்பன் டை ஆக்சைடும் அதை அரிக்கத் தொடங்குகின்றன. பழைய மேடு ஒன்றிலிருந்து எடுத்த குண்டின் மேல், சுண்ணாம்பு பூசியது போன்ற வெண்சாம்பல் நிறப் பொருக்கு படிந்திருப்பதைக் காணலாம். ஈயக் கார்பனேட்டுகளாலான அந்தப் பொருக்கு கெட்டியான கவசம் அன்று. சுரண்டினால் மாவாக உதிர்வது, மழைநீரில் உலோகத்தைக் காட்டிலும் எளிதாகக் கரைவது. டென்மார்க்கின் சுடுதள மண்ணில் கிடந்த ஈய ரவைகளைப் பற்றி 1987இல் வெளியான ஆய்வு, அவை முற்றிலும் சிதைந்து சேர்மங்களாக மாற 100 முதல் 300 ஆண்டுகள் ஆகும் என்று கணித்தது. கைவிடப்பட்ட தளம் ஓய்ந்துவிட்ட தளம் அன்று, தன் நஞ்சின் பெரும்பகுதியை இனிமேல்தான் வெளிவிடப்போகும் தளம் என்பதே இதன் பொருள்.

நகராது என்னும் இரண்டாம் கூற்றே இவ்வாதத்தின் முதுகெலும்பு. களிமண்ணும் சுண்ணாம்புச் சத்தும் மிகுந்த நிலங்களில் கரைந்த ஈயம் மண்துகள்களிலும் இரும்பு ஆக்சைடுகளிலும் மட்கிலும் ஒட்டிக்கொண்டு மேல்மண்ணிலேயே நின்றுவிடுகிறது என்பதை மறுக்க வேண்டியதில்லை. புளிப்புத்தன்மை கொண்ட மணற்பாங்கான நிலங்களுக்கு அந்த உறுதி கிடையாது என்பது ஒருபுறமிருக்க, மேல்மண்ணில் நிற்கும் ஈயம் யாரையும் நாடிச் செல்ல வேண்டியதில்லை. மண் அளைந்த கையை வாயில் வைக்கும் குழந்தையும், புல்லோடு மண்ணையும் சேர்த்து மேயும் கன்றும் அதனிடம் வந்து சேர்கின்றன. சுவிட்சர்லாந்தில் படைச் சுடுதளம் ஒன்றின் இலக்குப் பகுதியில் மேய விடப்பட்ட கன்றுகள் ஈய நச்சுக்கு உள்ளானது 1990களில் அந்நாட்டுக் கால்நடை மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது. மேலும், ஈயம் மேல்மண்ணில் ஓரிடத்திலேயே நிற்கிறது என்பது உண்மையானால், அது இன்ன இடத்தில், இன்ன ஆழத்தில் இருக்கிறது என்று குறித்துத் தோண்டி எடுத்துவிட முடியும் என்றே பொருள். துப்புரவுக்கு எதிராகச் சொல்லப்படும் காரணமே அதற்கு முதன்மையான ஆதாரமாகிறது.

இவ்வாதம் வாய் திறவாமல் கடந்துபோகும் பொருள் ஆன்டிமனி. ஈயம் நீரில் நேர்மின்னூட்டம் கொண்ட அயனியாகக் கரைந்து, எதிர்மின்னூட்டம் மிகுந்த களிமண்ணில் சிக்கிக்கொள்ள, காற்றோட்டமுள்ள மண்ணில் ஆன்டிமனி எதிர்மின்னூட்டம் கொண்ட அயனியாக மாறி, களிமண்ணால் விலக்கப்பட்டு நீரோடு கீழிறங்குகிறது. இந்த முரண், மலிவான மாற்றாக முன்வைக்கப்படும் மருந்துகளையும் சிக்கலாக்குகிறது. சுண்ணாம்பு இட்டு மண்ணின் காரத்தன்மையைக் கூட்டினால் ஈயம் அடங்கி ஆன்டிமனி விடுபடுகிறது. பாஸ்பேட் இட்டால் ஈயம் கரையாத பைரோமார்பைட் என்னும் கனிமமாக மாறும் அதே வேளையில், ஆன்டிமனி பற்றியிருந்த இடங்களைப் பாஸ்பேட் பிடித்துக்கொண்டு அதை வெளியே தள்ளுகிறது. செடிகளை வளர்த்து ஈயத்தை உறிஞ்ச விடலாம் என்னும் யோசனையும் இவ்வகையினதே. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஈயம் படிந்த படைத்துறை நிலமொன்றில் 1990களின் இறுதியில் மக்காச்சோளமும் வெண்கடுகும் பயிரிடப்பட்டு, ஈயத்தைக் கரைத்து வேருக்கு எட்டச் செய்யும் ‘இடிடிஏ’ என்னும் வேதிப்பொருள் மண்ணில் ஊற்றப்பட்டது; பயிர் எடுத்துக்கொண்டது எதிர்பார்த்ததைவிடக் குறைவு, கரைந்ததில் ஒரு பகுதி நிலத்தடி நீரை நோக்கி இறங்கியது.

குண்டுகளைச் சலித்து எடுத்துவிட்டால் போதும் என்போரின் நிலை இவற்றைவிட மேலானது, ஆனால் பாதி வழியில் நின்றுவிடுவது. பல்லாண்டுகள் ஒரே இடத்தில் சுடப்படும்போது, புதிய குண்டு பழைய குண்டின் மேல் மோதி இரண்டும் நொறுங்குவதால், மண்மேட்டில் முழுக் குண்டுகளுடன் சல்லடைக் கண்ணில் நழுவிவிடும் தூளும் பெருமளவு சேர்கிறது. அரிசியில் கல் அரிப்பது போல அடர்த்தி வேறுபாட்டைக் கொண்டு நீரில் பிரிக்கும் முறை இங்குக் கைகொடுக்கிறது. மணலைப் போல நான்கு மடங்குக்கும் மேலான அடர்த்தி கொண்ட ஈயத்துணுக்கு அடியில் தங்கிவிடும். மண்துகளில் ஒட்டிய ஈயம் அதற்கும் அசையாது என்பதால், லூசியானாவின் ஃபோர்ட் போல்க் முகாமில் 1996இல் நடந்த செயல்விளக்கத்தில், பிரித்தெடுத்தபின் மண்ணை அமிலத்தால் கழுவிப் பார்த்தனர்.

‘ஈயமில்லாத குண்டுக்கு மாறிவிட்டால் சிக்கல் தீர்ந்தது’ என்னும் கூற்றுக்குக் கேப் காட் தீபகற்பம் விடை சொல்கிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் அப்பகுதி மக்கள் குடிநீருக்குப் பெரும்பாலும் நிலத்தடி நீரையே நம்பியிருப்பவர்கள். அங்குள்ள கேம்ப் எட்வர்ட்ஸ் முகாமில் ஈயக் குண்டுகளைச் சுடுவதை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1997இல் நிறுத்த, மாற்றாக டங்ஸ்டன் தூளை நைலானுடன் சேர்த்துச் செய்த ‘பசுமைக் குண்டு’ வந்தது. டங்ஸ்டன் நீரில் கரையாது, மண்ணில் அசையாது என்று ஈயத்துக்குச் சொன்ன அதே வாசகத்தை இதற்கும் சொன்னார்கள். சில ஆண்டுகளிலேயே அது முகாமின் நிலத்தடி நீரில் தென்பட, 2006இல் அந்தக் குண்டும் நிறுத்தப்பட்டது.

செலவு என்னும் கடைசி வாதம் பொய்யன்று, ஆனால் அது ‘எல்லாவற்றையும் தோண்டு’ அல்லது ‘எதையும் தொடாதே’ என்னும் இரண்டே வழிகள் இருப்பதாகக் கற்பித்துக்கொள்கிறது. ஏறத்தாழ 4000 சுடுதளங்களின் சுமையைக் கொண்ட சுவிட்சர்லாந்து, 1998ஆம் ஆண்டு விதிகளின்படி, துப்புரவைக் கட்டாயமாக்கும் ஈய அளவை வேளாண் நிலத்தில் கிலோ மண்ணுக்கு 2000 மில்லிகிராம் என்றும், வீட்டுத் தோட்டத்திலும் குழந்தைகள் விளையாடுமிடத்திலும் 1000 மில்லிகிராம் என்றும் பயன்பாட்டை ஒட்டி வகுத்தது. கலிபோர்னியாவில் 1994இல் மூடப்பட்ட ஃபோர்ட் ஓர்ட் முகாமின் கடற்கரைச் சுடுதளங்களில் மணற்குன்றுகளை ஒட்டுமொத்தமாக வழித்தெடுக்கவில்லை. தரைப்பரப்பில் பத்து விழுக்காட்டுக்கு மேல் குண்டுகள் மூடிக் கிடந்த பகுதிகளை அளந்து குறித்து, அங்கு மட்டும் மண்ணை அகழ்ந்து, உலோகத்தைப் பிரித்து மறுசுழற்சிக்கு அனுப்பினார்கள். குண்டுகள் அருகிக் கிடந்த இடங்கள், அழிவின் விளிம்பிலுள்ள ஸ்மித் நீல வண்ணத்துப்பூச்சிக்கு உணவாகும் செடிகளோடு தொடாமல் விடப்பட்டன. கிடக்கட்டும் என்று அங்கும் ஒரு பகுதியை விட்டார்கள், ஆனால் அளந்து பார்த்தபின் விட்டார்கள். அந்தக் குன்றுகள் 2009இல் மாநிலப் பூங்காவாகப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன.