வெளியாள் எத்தனை பேர்?

எங்க பக்கம் ஆயுத பூஜை லீவுன்னா கால்பந்துப் போட்டி உண்டு. குடவாசலைச் சுத்தியிருக்கிற ஊர்ப் பசங்க டீம் கட்டிக்கிட்டு வருவாங்க. ஏழு பேர் ஆட்டம். 2025 போட்டியில பந்தை உருட்டுறதுக்கு முன்னாடியே சண்டை வந்துடுச்சு. அதுக்கு ஒரு வகையில நான்தான் காரணம்.

என் வயல்ல சம்பா நடவுக்கு மேற்கு வங்காளத்துலேருந்து ஆட்கள் வந்திருந்தாங்க. டெல்டாவுல இப்ப இது சாதாரணம். விடிய நாத்து பறிக்க இறங்கினா, பொழுது சாயுறதுக்குள்ள மூணு ஏக்கரை நட்டு முடிச்சுட்டுக் கரையேறுவாங்க. கை கால் கழுவின கையோட எங்க களத்துல பந்தை எடுத்து விளையாட ஆரம்பிச்சுடுவாங்க. நமக்குக் கிரிக்கெட் எப்படியோ அவங்களுக்குக் கால்பந்து அப்படி. ஒருத்தன் மோகன் பகான்னு சொன்னா இன்னொருத்தன் ஈஸ்ட் பெங்கால்னு எகிறுவான். எங்க ஊர்ப் பசங்களும் போய்ச் சேர்ந்துக்கிட்டாங்க. நாலு நாள் கூட ஆடிப் பாத்துட்டு, அவங்கள்ல மூணு பேரை நம்ம டீம்லயே சேத்துட்டாங்க.

"காசு குடுத்துக் கூட்டிட்டு வந்த ஆளை வெச்சு ஆடினா நாங்க ஏன் ஆடணும்?"னு எதிர் டீம் பிடிச்சுக்கிச்சு. கமிட்டிக்காரங்க அரை மணி நேரம் உட்கார்ந்து பேசி, ஒரு டீமுக்கு வெளியாள் ரெண்டு பேருக்கு மேல கூடாதுன்னு சொல்லிட்டாங்க. எங்க பசங்களும் சரின்னாங்க. ஆனா அந்த ரெண்டு பேரையும் முன்னாடி நிறுத்தினாங்க. அதுவரைக்கும் முன்னாடி நின்னு கோல் போட்டுக்கிட்டிருந்த நம்ம ஊர்ப் பையன் ஒருத்தன், பிளஸ் டூ படிக்கிறான், அவனைப் பின்னாடி தள்ளிட்டாங்க. "என்னடா இது?"ன்னு கேட்டேன். "ஜெயிச்சா போதும் மாமா. நான் பின்னாடியே நின்னுக்கிறேன்"ன்னான். செமி ஃபைனல் வரைக்கும் போனோம். அவன் எதிர்க் கோல் பக்கமே போகலை.

அவனோட அம்மா எங்க வயலுக்கு வருஷக்கணக்கா நடவுக்கு வந்த அக்கா. அந்த வருஷம் அவங்களையும் நான் கூப்பிடலை. அம்மாவுக்கும் மகனுக்கும் ஒரே சமயத்துல இடம் போயிருக்குங்கிறது அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உறைச்சுது.

எங்க கமிட்டி அரை மணி நேரத்துல எழுதின அதே விதியை இந்தியக் கால்பந்து பத்து வருஷத்துக்கு மேலா எழுதி எழுதித் திருத்திக்கிட்டிருக்கு. 2014-ல் ஐ.எஸ்.எல். தொடங்கினப்போ களத்துல இருக்கிற 11 பேர்ல 6 பேர் வரை வெளிநாட்டுக்காரங்களா இருக்கலாம். 2017-18 சீசன்ல அது 5 ஆச்சு. 2021-22-லேருந்து 4. அந்த 4-க்கு ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்போட '3+1' விதியைக் காரணமாச் சொன்னாங்க. மூணு பேர் எந்த நாட்டுக்காரராவும் இருக்கலாம், ஒருத்தர் ஆசியாக்காரர். அந்த ஆசியக்காரர் இடத்துக்குப் பல கிளப்புகள் ஆஸ்திரேலியாவிலேருந்து ஆளைப் பிடிச்சாங்க. சிரிக்காதீங்க, 2006-லேருந்து ஆஸ்திரேலியா ஆசியக் கூட்டமைப்புல உறுப்பினர். சட்டப்படி சரிதான். கடைசியில 2024-ல் அந்தக் கூட்டமைப்பே தன்னோட பெரிய கிளப் போட்டியில வெளிநாட்டு வீரர் உச்சவரம்பை எடுத்துடுச்சு. எதைப் பாத்து நாம குறைச்சோமோ அதுவே இப்ப இல்லை.

6, 5, 4-னு குறைச்சதுல நம்மாளுக்கு என்ன கிடைச்சுது? இடம் கிடைச்சுது, மறுக்கலை. ஆனா எந்த இடம்? 2014-லேருந்து 2024-25 வரைக்கும் 11 சீசன். அதிக கோல் போட்டவருக்குக் கொடுக்கிற தங்கக் காலணி ஒரு தடவைகூட இந்தியருக்கு வரலை. நம்ம சென்னையின் எஃப்.சி.யையே எடுத்துக்குங்க. 2014-ல் பிரேசில்காரர் எலானோ, 2015-ல் கொலம்பியாக்காரர் மெண்டோசா, 2019-20-ல் லித்துவேனியாக்காரர் வால்ஸ்கிஸ்னு மூணு பேர் அந்தக் காலணியை வாங்கியிருக்காங்க. வால்ஸ்கிஸ் அடுத்த சீசனே ஜாம்ஷெட்பூருக்குப் போயிட்டார். 2024-25-ல் அதிக கோல் போட்ட இந்தியர் யாருன்னு பாத்தா சுனில் சேத்ரி, 14 கோல். வயசு 40. 2024 ஜூன்ல தேசிய அணியிலேருந்து விடைபெற்றவர் 2025 மார்ச்ல திரும்பி வந்து ஆட வேண்டியிருந்துச்சு. வெளியாளைக் குறைச்சிட்டோம், ஆனா இருக்கிற நாலு பேரையும் கோல் போடுற இடத்துலயும் ஆட்டத்தை நடத்துற இடத்துலயும் நிறுத்திட்டு, நம்ம பசங்களைப் பின்னாடி தள்ளிட்டோம். எங்க ஊர்ல நடந்தது அப்படியே பெரிசா.

கிளப் முதலாளியைத் திட்ட எனக்கு வாய் வரலை. அவர் நிலைமை எனக்குத் தெரியும். நாத்துக்கு வயசு ஏறிக்கிட்டே போகுது, வாய்க்கால்ல தண்ணி இருக்கும்போதே நட்டாகணும். அந்த நேரத்துல ஒரே நாள்ல முடிச்சுத் தர ஆள் வந்தா நான் எப்படி வேணாம்னு சொல்லுவேன்? அவருக்கும் இந்த சீசன்லயே கோல் வேணும். உள்ளூர்ப் பையனைத் தேத்தி எடுக்க மூணு வருஷம் ஆகும், வெளிநாட்டுக்காரர் வந்த வாரமே போடுவார்.

வெளியாள் வந்தாலே உள்ளூர்க்காரன் கெட்டான்னும் நான் சொல்ல வரலை. 2018-19-ல் ஐ-லீக் பட்டத்தை ஜெயிச்ச சென்னை சிட்டி எஃப்.சி. ஞாபகம் இருக்கா? கோயம்புத்தூர்ல ஆடின டீம். ஸ்பெயின்லேருந்து பெட்ரோ மான்சி வந்து அந்த சீசன்ல 21 கோல் போட்டார். ஆனா பட்டத்தை முடிவு பண்ணின கடைசி ஆட்டத்துல, மினர்வா பஞ்சாபை 3-1-னு ஜெயிச்சப்போ, ரெண்டு கோல் போட்டவர் கௌரவ் போரா, இந்திய வீரர். அதுக்கு முந்தின சீசன்ல அதே கிளப்லதான் கன்னியாகுமரிக் கடலோரத்துப் பையன் மைக்கேல் சூசைராஜ் வெளிச்சத்துக்கு வந்து ஐ.எஸ்.எல்.லுக்குப் போனார். வெளியாளோட சேர்ந்து ஆடினா நம்ம பசங்க கத்துக்கிறாங்க. ஆட விட்டா.

எங்க போட்டி முடிஞ்சு ரெண்டு வாரத்துல, அக்டோபர் 14-ஆம் தேதி கோவாவுல இந்தியாவும் சிங்கப்பூரும் மோதிச்சு. 2027 ஆசியக் கோப்பைக்கான தகுதிச் சுற்று. நாம 1-2-னு தோத்தோம், கோப்பைக்குப் போற வழியும் அடைஞ்சுபோச்சு. அன்னிக்கு ராத்திரி என் தம்பி போன் பண்ணினான். சிங்கப்பூர்ல பெர்மிட்ல வேலை பாக்குறான். "அண்ணே, உங்க ஊரை எங்க ஊர் ஜெயிச்சுடுச்சு"ன்னு கிண்டல். சிங்கப்பூருக்கு ரெண்டு கோலையும் போட்டவர் சோங் உய்-யோங். தென்கொரியாவுல பிறந்தவர். பதின்ம வயசுல சிங்கப்பூர் கிளப்புக்கு ஆட வந்து, அங்கேயே வளர்ந்து, 2021-ல் குடியுரிமை வாங்கினவர். வந்தவரை ஒரு சீசன்ல அனுப்பிடாம வெச்சுக்கிட்டாங்க. அவர் அவங்க ஆளாவே ஆயிட்டார்.

தம்பி பெர்மிட் பத்திச் சொன்ன ஒரு கணக்குதான் எனக்கு இதுல வழியாத் தெரியுது. அங்க ஒரு கம்பெனி எத்தனை வெளிநாட்டு ஆளை வெச்சுக்கலாம்கிறது, அது எத்தனை உள்ளூர்க்காரருக்கு ஒழுங்கான சம்பளம் கொடுத்து வேலை தருதுங்கிறதைப் பொறுத்தது. பேருக்கு ஒரு ஆளைக் கணக்குல காட்ட முடியாது. அந்தச் சம்பள அளவையும் 2024 ஜூலையில 1,400 வெள்ளியிலேருந்து 1,600 ஆக ஏத்தினாங்க. இங்கிலாந்துக் கால்பந்துலயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு. பிரெக்ஸிட்டுக்கு அப்புறம் 2021-லேருந்து ஐரோப்பிய வீரர்களும் புள்ளிக் கணக்குல தேறினாத்தான் அங்க ஆட அனுமதி. 2023-ல் ஒரு தளர்வு கொண்டு வந்தாங்க. புள்ளி தேறாத திறமைசாலிகளுக்காகப் பெரிய கிளப்புகளுக்கு 4 இடம் வரை. ஆனா ஒரு கிளப்புக்கு எத்தனை இடம்கிறது, இங்கிலாந்து வீரர்களை அது எவ்வளவு நேரம் ஆட வைக்குதுங்கிறதைப் பொறுத்தது.

நான் கேக்கிறதும் இதைத்தான். வெளியாளோட தலையை எண்ணுறதை விட்டுட்டு, நம்ம பையன் எத்தனை நிமிஷம் ஆடினான், எந்த இடத்துல ஆடினான்னு எண்ணுங்க. இந்திய ஃபார்வர்டுக்கு ஒரு சீசன்ல இத்தனை நிமிஷம் கொடுத்த கிளப்புக்கு வெளிநாட்டு இடம் ஒண்ணு கூடுதல்னு வெச்சுப் பாருங்க. முதலாளிக்கும் ஜெயிக்க ஆசை, பையனுக்கும் ஆட இடம். வெறும் எண்ணிக்கையை 4-லேருந்து 3 ஆக்கினா, அந்த மூணு பேரும் முன்னாடிதான் நிப்பாங்க.

ஊருக்கு உபதேசம் பண்ணிட்டு நான் சும்மா இருக்க முடியாதில்லையா. கமிட்டிக்காரங்ககிட்ட பேசியிருக்கேன். அடுத்த போட்டியில வெளியாள் ரெண்டு பேர் இருக்கட்டும், ஆனா பாதி நேரமாவது முன்னாடி உள்ளூர்ப் பையன் நிக்கணும்னு. பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க.

அந்த அக்காவையும் போய்ப் பாத்தேன். "குறுவைக்கு மூணு மா உங்களுக்குத்தான், ஆள் சேத்துக்கிட்டு வாங்க"ன்னேன். ஒரு ஏக்கர்தான். மிச்சத்துக்கு வங்காளத்து ஆட்கள்தான் வருவாங்க, அதை மறைக்க விரும்பலை. அக்கா உடனே சரின்னு சொல்லலை. "கூட நட்ட பொம்பளைங்கள்ல பாதிப் பேரு இப்ப நூறு நாள் வேலைக்குப் போறாங்க தம்பி. கேட்டுப் பாக்கிறேன்"ன்னாங்க.

ஒரு வருஷம் கூப்பிடாம விட்டதுக்கே இப்படி. பின்னாடி தள்ளி வெச்ச பசங்களை ஒருநாள் முன்னாடி கூப்பிடும்போது, வர்றதுக்கு ஆள் இருக்கணுமே.