அமலைக்கு வட்டி மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறோம்

போன மாதம் எங்கள் ஊர்ப் பாசனச் சங்கக் கூட்டத்தில் ஒரு பேச்சு வந்தது. குளத்தை மூடிக் கிடக்கிற அமலைச்செடிக்குக் களைக்கொல்லி அடித்துவிடலாம் என்று. ஆகாயத்தாமரை, வெங்காயத்தாமரை என்று மற்ற ஊர்களில் சொல்வது இதைத்தான். நெல்லைப் பக்கம் எங்களுக்கு அமலை.

"மேனேஜர் சார், மருந்தடிச்சா பதினஞ்சு நாள்ல கருகிரும். ஜேசிபி செலவுல கால்வாசிகூட ஆகாது" என்றார் ஒரு தம்பி. நான் எதிர்த்தேன். விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் ஊரிலும் இந்தப் பேச்சு வரும் என்பதால் எழுதுகிறேன்.

அடித்தால் கருகும், உண்மை. கருகியது எங்கே போகும்? குளத்துக்குள்தான் மூழ்கும். அது அழுகும்போது தண்ணீரில் இருக்கிற பிராணவாயு தீர்ந்து மீன் செத்து மிதக்கும். மீன்பாசி குத்தகை எடுத்தவர் யாரிடம் போய் நிற்பார்? செடி உறிஞ்சி வைத்திருந்த சத்தெல்லாம் திரும்பச் சேற்றுக்கே போகும். அந்தச் சேற்றில் விதை ஏற்கெனவே கிடக்கிறது. பதினைந்து இருபது வருஷம் ஆனாலும் முளைக்கக்கூடிய விதை. அதே தண்ணீர்தான் மடை வழியாக நம் வயலுக்கும் வருகிறது, நம் மாடும் குடிக்கிறது. வயலில் ஒரு சொட்டு ரசாயனம் படாமல் காத்துவிட்டு, மடையைத் திறந்து வாங்கிக்கொள்ளவா?

அதற்காக ஜேசிபியே போதும் என்றும் சொல்ல மாட்டேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் அதற்கு வீடு வீடாக வசூலுக்குப் போனவனே நான்தான். நாலு நாள் வண்டி ஓடியது. வாரியதைக் கரையின் உள்சரிவிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். நானும் கவனிக்கவில்லை. ஐப்பசி மழையில் குளம் பெருகி அத்தனையையும் திரும்ப எடுத்துக்கொண்டது. பொங்கலுக்குள் பாதிக் குளம் பச்சை. வாகான தண்ணீர் கிடைத்தால் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகிற செடி இது. 34 வருஷம் கூட்டுவட்டி போட்டவனுக்கு இது அப்போதுதான் உறைத்தது.

வருஷா வருஷம் வாருவது வட்டி கட்டுகிற மாதிரி. அசல் என்பது தண்ணீரில் கரைந்திருக்கிற தழைச்சத்தும் மணிச்சத்தும். அது குறைவாக இருக்கிற தண்ணீரில் அமலை இப்படிக் கொழிக்காது. எங்கள் குளத்துக்கு அது இரண்டு வழியாக வருகிறது: தெருச் சாக்கடை, மேல்வயல்களின் வடிகால். இரண்டாவதில் என் கையெழுத்தும் இருக்கிறது. பயிர்க்கடனில் ஒரு பகுதியை அப்போது உரமாகவே கொடுப்போம். எத்தனை மூட்டை யூரியாவுக்கு ஒப்பம் போட்டிருப்பேனோ! பயிர் எடுத்தது போக மிச்சம் எங்கே போகும் என்று எந்தப் படிவத்திலும் ஒரு கேள்வி கிடையாது.

இந்தக் கோடையில் தண்ணீர் வற்றியிருக்கும்போது, ஊதாப்பூ தலைகாட்டுமுன், ஆள்வைத்து வாரிக் கரைக்கு வெளியே போடலாம் என்று சொல்லியிருக்கிறேன். மேல்குளத்து மறுகால் தண்ணீரோடு செடி மிதந்து வருவதால் வாய்க்காலில் ஒரு மூங்கில் தடுப்பு. சாக்கடை சேருகிற இடத்தில் குழி வெட்டிக் கல்வாழை, சேம்பு. இது முழுச் சுத்திகரிப்பு ஆகாது, ஆனால் சும்மா விடுவதைவிட மேல்.

வாரியதைச் சுமக்க அவசரப்படாதீர்கள். நூறு கிலோவில் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர். நாலைந்து நாள் வாடவிட்டு, சாணமும் சருகும் மாற்றி மாற்றி அடுக்கினால் நல்ல மக்கு. சாம்பல்சத்து உண்டு என்பதால் என் வாழைக்குத்தான் போடுகிறேன். சாயப்பட்டறை, தோல் ஆலைக் கழிவு கலக்கிற குளமாக இருந்தால் வேண்டாம். கன உலோகங்களையும் அந்தச் செடி உறிஞ்சி வைத்திருக்கும்.

அமலையைத் தின்கிற கூன்வண்டை 1980-களில் பெங்களூரில் விட்டுப் பயன் கண்டார்கள். அது வருஷக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டிய வேலை. நடுவில் மருந்தடித்தால் வண்டுக்கும் தீனி போச்சு.

மேல்வயல்காரர்கள் இரண்டு பேர் இந்தப் பூவில் யூரியாவைப் பாதியாக்கிப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார்கள். அதில் ஒருவர் நான் கடன் கொடுத்தவர்தான். "அன்னைக்கு நீங்கதான சார் போடச் சொன்னீய?" என்று கேட்டுவிட்டுத்தான் சரி என்றார்.