பாடம் ஒன்றாம், பந்தி வேறாம்!

உண்மை! இலத்தீன் மொழியிலே 'வெரிட்டாஸ்'. அமெரிக்க நாட்டு ஹார்வர்டு பல்கலைக் கழகம் தன் இலச்சினையிலே பொறித்து வைத்திருக்கும் சொல் அது. 1636-லே தோன்றிய அந்தக் கலைக்கூடத்தின் வாயிலில், 1922-ஆம் ஆண்டு அந்த உண்மை தலைகுனிந்து நின்றது. காரணம் பெரிதல்ல, தோழர்களே! ஒரு தந்தை, தன் மகன் படுக்க ஓர் அறை கேட்டார். மகனின் தோல் கறுப்பு. ஆகவே, அறை இல்லை என்றார்கள்!

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஹார்வர்டு மாணவர் உலகம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. மவுண்ட் ஆபர்ன் தெருவிலே, தனியார் கட்டிய ஆடம்பர விடுதிகளில் சீமான் வீட்டுப் பிள்ளைகள் வாழ்ந்தனர். அந்தப் பகுதிக்குப் 'பொற்கரை' என்றே பெயர். அவர்களுக்குத் தனிக் கழகம், தனி மேசை, தனி நட்பு. எளியோர் வீட்டுப் பிள்ளைகளோ, வசதியற்ற பழைய அறைகளில்! ஒரே ஆசிரியரிடம் பாடம் கேட்டனர். ஒருவர் முகம் ஒருவர் அறியாமலே பட்டம் பெற்றனர்.

1909-லே பல்கலைக் கழகத் தலைவரான லாரன்ஸ் லோவல் இந்தப் பிளவைக் கண்டார், வருந்தினார். 1914-லே சார்லஸ் ஆற்றங்கரையிலே கோர், ஸ்டாண்டிஷ், ஸ்மித் என்னும் விடுதிகள் முதலாண்டு மாணவருக்காகத் திறக்கப்பட்டன. செல்வன் மகனும் ஏழை மகனும் ஒரே கூரையின் கீழ் உறங்க வேண்டும், ஒரே கூடத்தில் உண்ண வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்! நாமும் கை தட்டியிருப்போம்.

தட்ட எழுந்த கை பாதியிலே நிற்கிறது. அந்த விடுதிகளிலே கறுப்பின மாணவருக்கு இடமில்லை!

அறை கேட்ட தந்தை யார்? ராஸ்கோ காங்க்ளிங் புரூஸ். 1902-லே அதே ஹார்வர்டில் பட்டம் பெற்றவர். அவருடைய தந்தை பிளான்ச் புரூஸ், அடிமையாகப் பிறந்து, 1875 முதல் 1881 வரை அமெரிக்க செனட் சபையிலே அமர்ந்தவர். பாட்டனுக்கு நாடாளும் மன்றத்திலே நாற்காலி இருந்தது. பேரனுக்கு மாணவர் விடுதியிலே கட்டில் இல்லை!

லோவல் கல்லாதவரா? அல்லர். கோழையா? அதுவுமல்ல. 1919-லே பாஸ்டன் காவலர் வேலைநிறுத்தத்தை ஆதரித்த ஹெரால்டு லாஸ்கியை விரட்டு என்ற கூச்சல் எழுந்தபோது, பணியாமல் நின்றவர். அத்தகையவர் எழுதிய மறுமொழியின் சாரம் இது: கல்வியிலே இரு இனத்தாருக்கும் சம வாய்ப்பு உண்டு, ஆனால், சேர்ந்து வாழும்படி வெள்ளையரைக் கட்டாயப்படுத்த இயலாது.

கட்டாயமா? நாம் கேட்கிறோம்: ஏழையோடு உண்ண விரும்பாத சீமான் மகனிடம் சம்மதம் கேட்டா விடுதி கட்டினீர்? அவன் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், பழகப் பழகத் திருந்துவான் என்றுதானே கட்டினீர்! பணத்திமிரைத் திருத்த வேண்டிய நோயாகக் கண்ட கண்கள், நிறத்திமிரை மட்டும் மதிக்க வேண்டிய உணர்ச்சியாகக் கண்டது எப்படி? வெறுப்பவன் மனம் நோகுமே என்று கவலை கொண்டவர், வெறுக்கப்பட்டவன் மனத்தை எண்ணினாரா?

ஒருவனை விலக்கக் கற்ற கை ஒருவனோடு நிற்பதில்லை. அதே 1922-லே, யூத மாணவர் தொகையை நூற்றுக்கு 15 என்று வரம்பு கட்டவும் லோவல் முனைந்தார். வெளிப்படையான அந்த வரம்பை ஆசிரியர் குழு 1923-லே ஏற்க மறுத்தது.

விடுதித் தடையை எதிர்த்தும் குரல்கள் எழுந்தன. பழைய மாணவர்கள் கண்டன விண்ணப்பம் விடுத்தனர். செய்தித்தாள்கள் சாடின. 1923-லே ஆட்சிக் குழுவினர் இறங்கி வந்தனர்: நிறம் காரணமாக எவரும் விலக்கப்படார் என்றனர். அதே மூச்சிலே, இரு இனத்தாரும் சேர்ந்து வாழவும் உண்ணவும் கட்டாயப்படுத்தப்படார் என்றும் சேர்த்தனர். ஒரு கையால் கதவைத் திறந்து, மறு கையால் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டார்கள்! பின்னரும் பல ஆண்டுகள் அந்த விடுதிகளிலே கறுப்பின மாணவர் அரிதாகவே இருந்தனர்.

நூறாண்டு கழிந்தது. அடிமைமுறையோடு தனக்கிருந்த தொடர்பையும், அதன் பின் தொடர்ந்த பாகுபாட்டையும் ஹார்வர்டே 2022-லே அறிக்கையாக வெளியிட்டது. பரிகாரப் பணிக்கென 10 கோடி டாலர் ஒதுக்கியது. ஒப்புக்கொண்டது நன்று. எனினும், அன்று திரும்பிப் போன இளைஞருக்கு அந்த இரவைத் திருப்பித் தர எந்த டாலராலும் முடியாது.

கரும்பலகை முன் நிற்கும் நாம் ஒன்றை உணர்ந்தாக வேண்டும். வகுப்பறையிலே சமத்துவம் கற்பிப்பது எளிது. சோறு பரிமாறும் இடத்திலேதான் அதற்குத் தேர்வு. பந்தியிலே தோற்ற சமத்துவம், பட்டத்தாளிலே வென்று பயன் என்ன?