ரோட்டில் இறக்கியது தப்பா?



2025 நவம்பர் 13-ஆம் தேதி ஒரு சின்னப் பயிற்சி விமானம் திருச்சி – புதுக்கோட்டை நெடுஞ்சாலையில், கீரனூர் பக்கம் நடுரோட்டில் இறங்கியதே, ஞாபகம் இருக்கா? சேலத்திலிருந்து கிளம்பிய விமானம். தொழில்நுட்பக் கோளாறு என்று செய்தியில் சொன்னார்கள். உள்ளே இருந்த இரண்டு பேரும் தப்பித்துவிட்டார்கள்.

நம்ம வகுப்பில் ஒரே சிரிப்பு. "பஸ் ஸ்டாண்டுன்னு நெனச்சுட்டாங்களாட்ட இருக்குது" என்றான் ஒருத்தன். "திருச்சி ஏர்போர்ட் இருக்குதில்ல, அங்க கொண்டுபோய் எறக்கறதுக்கு என்ன?" என்றான் என் பெஞ்சுக்காரன். நானும் சேர்ந்து சிரித்தேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதைப் பற்றித் தேடிப் படித்த பிறகு சிரிப்பு வரவில்லை.

இந்த மாதிரி விமானங்களுக்கு ஒரே இஞ்சின்தான். அது நின்றால் விமானம் கல் மாதிரி கீழே விழுந்துவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். விழாது! பருந்து இறக்கையை அசைக்காமல் சறுக்குகிற மாதிரி சறுக்கிக்கொண்டே வரும். பயிற்சிப் பள்ளிகளில் அதிகம் ஓட்டுகிற செஸ்னா 172, ஆயிரம் அடி இறங்குவதற்குள் சுமார் இரண்டரை கிலோமீட்டர் முன்னால் போகும். அவ்வளவுதான் கணக்கு. நம்ம கோபி பஸ் ஸ்டாண்டுக்கு நேர் மேலே 3000 அடியில் இஞ்சின் நின்றால் கொடிவேரி அணைக்குக்கூடப் போய்ச் சேர முடியாது. இதில் ஏர்போர்ட்டைத் தேடி எங்கே போவது?

கிளம்பின உடனே இஞ்சின் நின்றால் ஓடுதளத்துக்குத் திரும்பாதே, எதிரே இருக்கிற இடத்தில் இறக்கு என்றுதான் பழகுகிறவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். உயரம் குறைவாக இருக்கும்போது வேகம் இழந்து திரும்பப் பார்த்தவர்கள் பலர் செத்திருக்கிறார்கள். 2009 ஜனவரி 15-இல் அமெரிக்காவில் பறவைகள் மோதி இரண்டு இஞ்சினும் போன பெரிய விமானத்தை ஹட்சன் ஆற்றில் இறக்கினார்கள். 155 பேரும் பிழைத்தார்கள். அங்கே கைதட்டுகிறோம், கீரனூர் என்றால் சிரிக்கிறோம். இது என்ன நியாயம்?

சரி, இஞ்சின் ஏன் நிற்கிறது? பல நேரம் காரணம் ரொம்பச் சாதாரணமானது. பெட்ரோல் தீர்ந்திருக்கும், பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும், இல்லை என்றால் காலியான டேங்குப் பக்கம் குழாயைத் திருப்பி வைத்திருப்பார்கள். கார்புரேட்டர் உள்ள இஞ்சினில் ஈரக்காற்று பட்டு உள்ளே ஐஸ் பிடிப்பதும் உண்டாம், வெயில் காலத்திலேயே!

எங்க அப்பிச்சி டிவிஎஸ் 50-ஐ எடுக்கும் முன்னால் ஆட்டிப் பார்ப்பார், உள்ளே 'களக் களக்' சத்தம் கேட்டால்தான் கிளம்புவார். நாங்கள் கிண்டல் பண்ணுவோம். விமானிகளும் மீட்டரை மட்டும் நம்பாமல் டேங்கில் குச்சி விட்டு அளக்கிறார்கள். கிளம்பும் முன்னால் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிக் குவளையில் பிடித்துத் தண்ணீர் நிற்கிறதா என்றும் பார்க்கிறார்கள். (அந்தப் பெட்ரோல் நீல நிறமாம்!) அப்பிச்சியிடம் சொன்னேன். "பின்ன, மேல போயி தள்ளிக்கிட்டா வர முடியும்?" என்றார்.

பெஞ்சுக்காரன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. "ரோட்டுல ஆளுங்க வண்டியில வருவாங்கல்ல? வயல்ல எறக்கியிருக்கலாம்ல?" என்கிறான். அந்தப் பயம் எனக்கும் உண்டு, கரண்டுக் கம்பி வேறு. ஆனால் நம்ம தடப்பள்ளி வாய்க்கால் பாசன வயல் மாதிரி சேறாக இருந்தால் முன்சக்கரம் புதைந்து விமானம் குப்புறக் கவிழ்ந்துவிடுமே! அறுவடை முடிந்து காய்ந்த வயல் என்றால் அவன் சொல்வதும் சரிதான். வயலா ரோடா என்று உங்களுக்குத் தோன்றுவதை எழுதித் தாருங்கள், அடுத்த சுவர் இதழில் ஒட்டுகிறோம்.

– 11-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு