ஒல்லாந்தர் கோட்டையும் ஒரு சட்டித் தயிரும்

கடந்த விடுமுறைக்கு நெதர்லாந்திலிருந்து என் ஒன்றுவிட்ட அண்ணாவின் குடும்பம் திருகோணமலைக்கு வந்திருந்தது. அண்ணா போர்க்காலத்தில் நாட்டைவிட்டுப் போனவர். பிள்ளைகள் இருவரும் அங்கேயே பிறந்தவர்கள். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், பிரெட்ரிக் கோட்டை வாசலில் நின்று சின்னவள் கேட்டாள்: "சித்தப்பா, இது எங்கட ஆக்கள் கட்டினதா?"

அவள் 'எங்கட ஆக்கள்' என்றது ஒல்லாந்தரை.

அண்ணா சிரித்துவிட்டார். நான் வாசற் தூணில் செதுக்கப்பட்டிருக்கும் இரட்டைக் கயலையும் அருகிலுள்ள தமிழ் எழுத்துகளையும் காட்டினேன். "கட்டத் தொடங்கினது போர்த்துக்கேயர். பெருப்பிச்சது ஒல்லாந்தர். பேர் வைச்சது ஆங்கிலேயர். கல்லு மட்டும்தான் எங்கட" என்றேன். 1620களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தினு த சா கோணேசர் ஆலயத்தை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே இந்தக் கோட்டையை எழுப்பினான் என்பதை அவளுக்கு எப்படி விளக்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அடுத்த கேள்வி வந்தது. "இங்க நாங்கள் என்ன செய்து பாக்கலாம்?"

அவள் வாழும் ஊரில் அது இயல்பான கேள்வி. ஆம்ஸ்டர்டாமுக்கு அருகிலுள்ள சான்ஸ் ஸ்கான்ஸ் என்ற காற்றாலைக் கிராமத்துக்கு அவளைக் கூட்டிப்போயிருக்கிறார்கள். மரக்கட்டைச் சப்பாத்து செதுக்குவதைப் பார்த்திருக்கிறாள். சீஸ் எப்படி உறைகிறது என்று கேட்டு, ஐந்தாறு வகையைச் சிறு துண்டுகளாக ருசி பார்த்திருக்கிறாள். பழைய கைத்தொழிலைத் தொட்டுப் பார்ப்பதும் செய்து பார்ப்பதும் உண்டு பார்ப்பதுமாக அங்கே ஒரு முழுநாள் கழிகிறது. இதைத்தான் சுற்றுலாத் துறையினர் 'அனுபவச் சுற்றுலா' என்கிறார்கள். இலங்கைக்கு வந்த பயணிகளின் தொகை 2025 இல் 23 இலட்சத்தைத் தாண்டியிருக்கும் வேளையில், இந்தச் சொல் இங்கும் அடிக்கடி காதில் விழுகிறது.

அந்தப் பிள்ளையின் கேள்விக்கு என்னிடம் உடனடிப் பதில் இருக்கவில்லை. ஏன் இருக்கவில்லை என்பதைப் பற்றியதே இக்கட்டுரை.

'ஒல்லாந்து மரபு' எங்கிருந்து வந்தது?

நெதர்லாந்தின் 'பாரம்பரியக் கைவினை' என்று பயணிகளுக்குக் காட்டப்படுவனவற்றில் கணிசமானவை கீழைத்தேயக் கடலோடு தொடர்புள்ளவை. டெல்ஃப்ட் நகரின் நீலவெள்ளை மட்பாண்டங்கள், ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல்கள் கொண்டுவந்த சீனப் பீங்கானைப் பார்த்துச் செய்யப்பட்டவை. நமது நெடுந்தீவுக்கு 'டெல்ஃப்ட்' என்று பெயர் வைத்ததும் அந்த நகரின் நினைவில்தான். வடக்கு நெதர்லாந்தின் ஒருவகைச் சீஸில் கராம்பு சேர்ப்பார்கள். கராம்பு விளைந்தது மொலுக்காத் தீவுகளில். அவர்களது நத்தார் கால பிஸ்கட்டில் மணக்கும் கறுவாவுக்கு, இந்தத் தீவின் கறுவாத் தோட்டங்களில் கட்டாய வேலை வாங்கப்பட்ட மனிதர்களின் வரலாறு உண்டு.

சீஸுக்கும் கடலோடு உறவு உண்டு. ஒரு கிலோ கௌடா சீஸுக்குச் சுமார் பத்து லீற்றர் பால் தேவை. நீரை வடித்து, அழுத்தி, உப்பு நீரில் ஊறவைத்து, முதிரவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. நீண்ட கப்பற்பயணத்துக்கு ஏற்ற உணவு அது.

இலங்கையிலும் அந்தச் சுவையின் எச்சம் இருக்கிறது. கொழும்பில் 1908 இல் தொடங்கப்பட்ட ஒல்லாந்துப் பறங்கியர் ஒன்றியத்தை நாடிப் பலர் இன்றும் லம்பிரைஸ் சாப்பிடப் போகிறார்கள். பறங்கியர் வீடுகளில் நத்தாருக்கு 'புருடர்' என்ற கேக்கை எடம் சீஸுடன் உண்பது வழக்கம். தமிழிலும் அவர்கள் விட்டுச்சென்ற சொற்கள் உண்டு. நம் பெரியவர்கள் அலுவலகத்தைக் 'கந்தோர்' என்பது ஒல்லாந்தச் சொல். 'கக்கூசு'ம் அப்படித்தான்.

ஆக, ஒல்லாந்து மரபு என்பது அவர்களுடையது மட்டுமல்ல. அதில் நம் மண்ணும் உழைப்பும் இருக்கின்றன. அதைச் சொல்லிக் காசு பார்ப்பதில் நமக்கும் உரிமை உண்டு. ஆனால் திருகோணமலையில் அந்தக் கதையைச் சொல்லும் இடம் யார் கையில் இருக்கிறது?

கற்கள் சீருடையினரிடம்

1639 இல் கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனின் துணையோடு ஒல்லாந்தர் திருகோணமலையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தனர். இடையில் கைவிட்டும் மீண்டும் பிடித்தும், 1795 இல் ஆங்கிலேயரிடம் இழக்கும்வரை, இந்தத் துறைமுகத்துக்காக ஐரோப்பியர் தங்களுக்குள் மோதினர். அந்தக் காலத்தின் சின்னங்களாக இங்கே முக்கியமாக மூன்று இடங்கள் உள்ளன.

ஒன்று, பிரெட்ரிக் கோட்டை. கோயிலுக்குப் போகும் வீதி பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. ஆனால் கோட்டைக்குள் இராணுவம் நிலைகொண்டுள்ளது. மான்களுக்குத் தீனி கொடுக்கலாம். பழைய கட்டடங்களுக்குள் நினைத்தபடி நடக்க முடியாது. இரண்டு, துறைமுக வாயிலைக் காக்கும் ஒஸ்டன்பர்க் கோட்டை. அது கடற்படைத் தளத்துக்குள் இருக்கிறது. மூன்று, ஒல்லாந்துக் கடற்படை ஆணையாளரின் பழைய மாளிகை. நெதர்லாந்தின் உதவியோடு திருத்தப்பட்டு அருங்காட்சியகமாகியிருக்கும் அதுவும் கடற்படையின் பொறுப்பில்தான் உள்ளது.

கொழும்பின் பழைய ஒல்லாந்து மருத்துவமனை 2011 இலிருந்து கடைகளும் உணவகங்களும் கொண்ட இடமாக இயங்குகிறது. காலிக் கோட்டைக்குள் மக்கள் குடியிருக்கிறார்கள். அங்கே பெண்கள் பீரளு லேஸ் பின்னுவதைப் பயணிகள் பக்கத்தில் இருந்து கற்கலாம். திருகோணமலையிலோ போர் முடிந்து பதினாறு ஆண்டுகளுக்கு மேலாகியும், ஒல்லாந்தர் சின்னம் என்றால் காவலரணைக் கடந்து போய்ப் பார்க்கும் கல் மட்டுமே. அங்கே ஒரு தச்சனுக்கோ ஒரு பன்னவேலைக்காரிக்கோ ஒரு தயிர்க்காரருக்கோ கடை விரிக்க இடமில்லை.

கைகள் எங்கே?

கைகள் இல்லாமல் இல்லை. கிழக்கின் பறங்கியர் சமூகம் மட்டக்களப்பிலும் திருகோணமலையில் பாலையூற்றுப் பகுதியிலும் வாழ்கிறது. பெரும்பாலும் போர்த்துக்கேய வழி, ஒல்லாந்தர் கலப்பும் உண்டு. தச்சு, கொல்லு, தையல் இவர்களின் பரம்பரைத் தொழில்கள். போர்த்துக்கேயக் கிரியோல் மொழி முதியவர்களின் வாயில் இன்னும் இருக்கிறது. போரும் புலம்பெயர்வும் இந்தச் சிறு சமூகத்தை மேலும் சிறுக்கவைத்தன. 2004 ஆழிப்பேரலை மட்டக்களப்பு டச்பார் பகுதியில் பல பறங்கியர் குடும்பங்களை அள்ளிச்சென்றது. 'ஒல்லாந்துத் தச்சுப் பட்டறை' என்று ஒன்றை இந்த மாகாணத்தில் தொடங்குவதானால், முதலில் கேட்கப்பட வேண்டியவர்கள் இவர்கள்.

போரில் கணவரை இழந்த பெண்கள் இன்னொரு பக்கம். 2009 இற்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் இவர்களுக்குப் பனையோலைப் பின்னல், தையல் என்று எத்தனையோ பயிற்சிகள் கொடுக்கப்பட்டன. அப்படியொரு பயிற்சி முடிந்த இடத்துக்குச் செய்தி சேகரிக்கப் போயிருக்கிறேன். அழகான பெட்டிகள் அறை முழுக்க அடுக்கப்பட்டிருந்தன. வாங்க ஆளில்லை. பயிற்சி கொடுத்தவர்கள் சான்றிதழ் கொடுத்தார்கள், சந்தை கொடுக்கவில்லை. சான்ஸ் ஸ்கான்ஸில் இதே வேலையைப் பயணியின் கண்முன் செய்து, அவரையும் ஒரு மணிநேரம் செய்யவைத்து, கட்டணம் வாங்குகிறார்கள். பொருளோடு சேர்த்து உழைக்கும் நேரத்துக்கும் விலை கிடைக்கிறது. நம் பெண்களுக்கு இல்லாதது திறமையல்ல, பயணி வந்து நிற்கும் இடம்.

நம்முடைய சீஸ்

ருசி பார்ப்பதற்கும் திருகோணமலைக்கு ஒல்லாந்துச் சீஸ் தேவையில்லை. கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பக்கத்து எருமைத் தயிர் இருக்கிறது. பாலைக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, உறை குத்தி மண்சட்டியில் ஊற்றுகிறார்கள். சட்டி மேலதிக நீரை உறிஞ்சிக்கொள்ள, கவிழ்த்தாலும் விழாத தயிராகிறது. பாலின் கொழுப்பு, சட்டியின் மண், உறையின் வயது, மாடு மேய்ந்த புல் எல்லாம் சுவையை மாற்றும். ஐந்து இடத்துத் தயிரைப் பாணியோடு வரிசையாக வைத்தால், எந்தச் சீஸ் மேசைக்கும் குறைந்ததல்ல.

ஆனால் தயிருக்கு மாடு வேண்டும், மாட்டுக்கு மேய்ச்சல் தரை வேண்டும். பிரச்சினை அங்கேதான்.

சம்பூர் மக்கள் 2006 இல் இடம்பெயர்ந்தார்கள். விவசாயமும் கால்நடையும்தான் அவர்களின் வாழ்வு. அவர்களின் காணிகள் உயர் பாதுகாப்பு வலயமாகவும், பின்னர் அனல்மின் நிலையத்துக்கும் முதலீட்டு வலயத்துக்குமென ஒதுக்கப்பட்ட நிலமாகவும் மாறின. 2015 இற்குப் பிறகே கட்டங்கட்டமாக மீளக் குடியேற முடிந்தது. அனல்மின் நிலையம் கைவிடப்பட்டது. இப்போது அங்கே 120 மெகாவாட் சூரிய மின்திட்டம். 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமரும் இலங்கை ஜனாதிபதியும் அதைத் தொடக்கிவைத்தனர். அதே ஆண்டில் முத்துநகரிலும் விவசாயிகள் சூரிய மின்திட்டங்களுக்காகத் தங்கள் வயல்கள் பறிபோவதை எதிர்த்துப் போராடினார்கள். அயல் மாவட்டமான மட்டக்களப்பில் மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் மேய்ச்சல் தரைக்காக வீதிக்கு வந்தார்கள்.

சூரிய மின்சாரம் வேண்டாம் என்பதல்ல வாதம். சம்பூர்ப் பக்கத்தில் மாடு வைத்திருக்கும் அக்கா ஒருவரிடம், வெளிநாட்டவர் வந்து தயிர் செய்வதைப் பார்க்க விரும்பினால் சம்மதிப்பீர்களா என்று கேட்டேன். "வரட்டும் தம்பி, ஆர் வேண்டாமெண்டது? மாடு நிண்டாத்தானே தயிர். மாடு நிக்கிறதுக்கு இடம் எங்க?" என்றார். அனுபவச் சுற்றுலா பற்றி நான் கேட்ட எந்த உரையிலும் இந்தக் கேள்வி இருந்ததில்லை.

எந்த ஆண்டு வரை மரபு?

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. திருகோணமலை நகரின் அழகான கடற்கரைகளில் ஒன்றுக்கு 'டச் பே' என்றே பெயர். 2006 ஜனவரி 2 அன்று அந்தக் கடற்கரையோரம் ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். குற்றஞ்சாட்டப்பட்ட 13 விசேட அதிரடிப் படையினரும் போதிய சாட்சியம் இல்லையென 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டார்கள். 2025 நவம்பரில் இதே நகரின் கரையோரத்தில் ஒரு புத்தர் சிலை வைக்கப்பட்டு, பொலிஸாரால் அகற்றப்பட்டு, மறுநாளே மீண்டும் வைக்கப்பட்டது.

கோட்டையிலிருந்து டச் பே வரை ஒரு மரபு நடைபாதை அமைத்தால், பயணிக்கு 1639 சொல்லப்படும். 2006 சொல்லப்படுமா? நெதர்லாந்து இந்தக் கேள்வியைத் தன்னிடமே கேட்கத் தொடங்கியிருக்கிறது. 2022 டிசம்பரில் அதன் பிரதமர் அடிமை வணிகத்துக்காக மன்னிப்புக் கேட்டார். 1765 இல் கண்டியிலிருந்து கவர்ந்து சென்ற பீரங்கி உட்பட ஆறு பொருட்களை 2023 இல் இலங்கைக்குத் திருப்பிக் கொடுத்தது. பழைய எசமானன் தன் கணக்கைத் திருப்பிப் பார்க்கிறான். இங்கே இருபது ஆண்டுகளுக்கு முந்தைய கணக்கே இன்னும் மூடிக் கிடக்கிறது.

மூன்று கேள்விகள்

சுற்றுலாவை நம்பி ஏமாறக்கூடாது என்பதற்கும் சான்ஸ் ஸ்கான்ஸ்தான் உதாரணம். சுமார் நூறு பேர் வாழும் அந்தக் கிராமத்துக்கு ஆண்டுக்கு 25 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வருகிறார்கள். குடியிருப்பாளர்களின் முற்றத்துக்குள் நுழைகிறார்கள். நெரிசல் தாங்காமல் நுழைவுக் கட்டணம் அறவிடும் திட்டத்தை 2025 இல் அறிவிக்கவேண்டி வந்தது. காலிக் கோட்டையில் பல வீடுகள் வசதி படைத்தவர்களிடம் கைமாறி விடுதிகளாகின. நம் துறைமுகப் பகுதிக்கு இப்படியொரு நிலை வர நாளாகாது.

அதனால் திருகோணமலையில் யாராவது 'ஒல்லாந்து மரபுப் பட்டறை' என்றோ 'சுவை அனுபவம்' என்றோ திட்டத்தோடு வந்தால், உள்ளூராட்சி மன்றமும் நகர மக்களும் மூன்று கேள்விகளைக் கேட்கவேண்டும். இடம் யாருடையது? கை யாருடையது? பால் யாருடையது? கோட்டையின் ஒரு கட்டடத்தையாவது படையினரிடமிருந்து மீட்டு உள்ளூர்க் கூட்டுறவுக்குக் கொடுக்கவேண்டும். பயிற்றுநர் பாலையூற்றிலிருந்தும் மூதூரிலிருந்தும் வரவேண்டும். தயிருக்கான மேய்ச்சல் தரை வர்த்தமானியில் பாதுகாக்கப்படவேண்டும். இந்த மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அது மரபல்ல, கோயிற் கல்லில் கோட்டை கட்டிய அதே பழைய வேலைதான்.

அன்று பின்னேரம் கந்தளாய் வீதியோரக் கடையில் வண்டியை நிறுத்தி, பிள்ளைகளுக்குச் சட்டித் தயிர் வாங்கிக்கொடுத்தேன். சின்னவள் சட்டியைத் தடவிப் பார்த்து, இது எப்படிச் செய்வது என்று கடைக்காரரிடம் கேட்டாள். அவர் கல்லாவை விட்டு எழுந்து வந்து, பால் காய்ச்சுவதிலிருந்து தொடங்கிக் கால்மணிநேரம் சொன்னார். அதற்கு அவர் காசு வாங்கவில்லை. அதற்கும் ஒரு விலை இருக்கிறது என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள்.